கேரமல் மிட்டாயுடன் வந்த பேஸ்பால் அட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரமல் அட்டை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஏறக்குறைய 1903 முதல் 1930-களின் தொடக்கம் வரை அமெரிக்க மிட்டாய் நிறுவனங்கள் தங்கள் சரக்குடன் இலவசமாகக் கொடுத்த சிறு பட அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். முன்பக்கத்தில் பேஸ்பால் வீரர் ஒருவரின் படமும் அதன் கீழே அவருடைய பெயரும் அணியும் இருக்கும். பின்பக்கத்தில் மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரமோ அந்த வரிசையில் உள்ள மற்ற வீரர்களின் பட்டியலோ இருக்கும். பெரும்பாலான அட்டைகள் சுமார் ஒன்றரை அங்குல அகலமும் இரண்டே முக்கால் அங்குல உயரமும் கொண்டவை. ஒரு சிறுவனின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரரின் படத்தைத் தேடிய தலைமுறைக்கு இதன் கவர்ச்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எல்லா அட்டைகளும் கேரமலோடுதான் வந்தன என்று எண்ணிவிடக் கூடாது. கோக்கோ, இருமல் வில்லை, சூயிங்கம், வெல்லப்பாகில் புரட்டிய சோளப்பொரி ஆகியவற்றோடு வந்தவையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கப்படுகின்றன. எண்ணிக்கையில் கேரமல் முந்தியிருந்ததால் பெயர் அதற்குப் போய்விட்டது.

இந்த யோசனை மிட்டாய்க்காரர்களுக்கே முதலில் தோன்றியதா?

இல்லை. அவர்களுக்கு வழி காட்டியவை சிகரெட் நிறுவனங்கள். 1880-களில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் விற்கப்பட்டது. உள்ளே இருப்பது நசுங்காமலிருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையாக வைப்பதைவிட அதில் ஒரு படத்தை அச்சிட்டால் வாங்குபவர் மறுபடியும் அதே சிகரெட்டைக் கேட்பார் என்பது விரைவிலேயே புரிந்தது. ரிச்மண்டைச் சேர்ந்த ஆலன் அண்ட் ஜின்டர், நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் ஆகியவை அந்தக் காலத்தில் நடிகைகள், பறவைகள், கொடிகள் ஆகியவற்றோடு பேஸ்பால் வீரர்களையும் அச்சிட்டன.

1890-இல் ஜேம்ஸ் புகானன் ட்யூக் முக்கிய நிறுவனங்களை ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை அமைத்ததும் போட்டி குன்றியது. போட்டி குன்றியதும் இலவசப் படத்துக்கு அவசியமும் குறைந்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேஸ்பால் அட்டைகள் அரிதாகவே வெளிவந்தன. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் மிட்டாய்க்காரர்கள்.

முதல் முக்கியமான கேரமல் வரிசை எது?

பென்சில்வேனியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் இயங்கிய பிரைஷ்-வில்லியம்ஸ் நிறுவனம் 1903–04-இல் வெளியிட்ட வரிசையே இருபதாம் நூற்றாண்டின் முதல் பெரிய பேஸ்பால் அட்டை வரிசையாகக் கருதப்படுகிறது. ‘நூற்றைம்பது புகழ்பெற்ற வீரர்களில் ஒருவர்’ என்ற பொருளில் ஒரு வரி அதன் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கிறிஸ்டி மேத்யூசன், சை யங், ஹோனஸ் வாக்னர் போன்றோர் இதில் இருக்கிறார்கள். வண்ணம் இல்லாத எளிய கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். ஆனாலும் எஞ்சியிருப்பவை மிகக் குறைவு என்பதால், தீவிரச் சேகரிப்பாளர்கள் பலர் பளபளப்பான பிற்கால அட்டைகளைவிட இதையே மேலாக மதிக்கிறார்கள். அந்த மதிப்பீட்டில் தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இவற்றில் இத்தனை பென்சில்வேனியாவிலிருந்து வருகின்றன?

கேரமலுக்குச் சர்க்கரையும் பாலும் வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் பெரிய சர்க்கரை ஆலைகள் இருந்தன. அதற்கு மேற்கேயுள்ள லங்காஸ்டர் வட்டாரம் பண்ணைகளும் கறவை மாடுகளும் நிறைந்தது. அந்த ஊரில்தான் மில்டன் ஹெர்ஷி 1886-இல் லங்காஸ்டர் கேரமல் கம்பெனியைத் தொடங்கினார். டென்வரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டபடி, புதிய பாலைச் சேர்த்துக் காய்ச்சிய அவருடைய கேரமல் மென்மையாக இருந்ததோடு நெடுநாள் கெடாமலும் இருந்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெர்மானியச் சாக்லேட் இயந்திரங்களைப் பார்த்த பிறகு அவருடைய கவனம் சாக்லேட்டின் பக்கம் திரும்பியது. 1900-இல் கேரமல் தொழிலைப் பத்து லட்சம் டாலருக்கு அமெரிக்கன் கேரமல் கம்பெனிக்கு விற்றுவிட்டு, சாக்லேட் இயந்திரங்களை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். இன்று உலகம் ஹெர்ஷியைச் சாக்லேட்டுக்காக நினைக்கிறது. அவர் கைவிட்ட கேரமல் தொழிலை வாங்கிய நிறுவனமே சில ஆண்டுகளில் பேஸ்பால் அட்டைகளை அதிகமாக வெளியிட்ட மிட்டாய் நிறுவனமாகவும் ஆயிற்று.

அதைச் சுற்றியே மற்றவையும் இருந்தன. ஸ்டாண்டர்டு கேரமல் லங்காஸ்டரில் இயங்கியது. ஃபிலடெல்ஃபியா கேரமல், பெயருக்கு மாறாக, டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியின் கேம்டனில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பின்னர் வில்லியம்ஸ் கேரமல் வந்தது. சற்றுத் தொலைவில் பால்டிமோரின் டாக்மன், மாசசூசெட்ஸின் ஜார்ஜ் க்ளோஸ், பாஸ்டனின் பிரிக்ஸ், செயின்ட் லூயிஸில் ‘நாட்ஜா’ கேரமல் செய்தவர்கள் என்று பட்டியல் நீளும்.

1909, 1910 ஆகிய ஆண்டுகளில் மட்டும் ஏன் இவ்வளவு வரிசைகள் குவிந்தன?

காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தன. 1909-இல் சிகரெட் நிறுவனங்கள் மறுபடியும் பேஸ்பால் அட்டைகளில் இறங்கின. இன்று சேகரிப்பாளர்கள் டி206 என்ற பட்டியல் எண்ணால் அழைக்கும், 524 அட்டைகள் கொண்ட பெருவரிசை அப்போது வெளிவரத் தொடங்கியது. தந்தையின் சிகரெட் பொட்டலத்திலிருந்து வரும் படத்துக்காகச் சிறுவர்கள் காத்திருந்த நேரத்தில், அதே வீரர்களை ஒரு சென்ட் மிட்டாயோடு நேரடியாகச் சிறுவர்களிடமே கொடுக்கலாம் என்பது எந்த மிட்டாய் வியாபாரிக்கும் எளிதில் தோன்றக்கூடியதே.

இன்னொரு காரணம் ஆட்டமே. 1909-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஷைப் பார்க், பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்று எஃகாலும் கான்கிரீட்டாலும் கட்டிய இரு புதிய மைதானங்கள் ஒரே மாநிலத்தில் திறக்கப்பட்டன. அந்த ஆண்டு உலகத் தொடரில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியில், வாக்னரின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், டை காப்பின் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை ஏழு ஆட்டங்களில் வென்றது. 1910-இலும் 1911-இலும் கோப்பை ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்கு வந்தது. கேரமல் ஆலைகளின் வாசலிலேயே வெற்றி அணிகள் இருந்தன. அமெரிக்கன் கேரமல் 1910-இல் பிட்ஸ்பர்க் வீரர்களுக்கென்றே 11 அட்டைகள் கொண்ட தனி வரிசையை வெளியிட்டதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அமெரிக்கன் கேரமல் வரிசையில் எது மிகவும் பேசப்படுகிறது?

1909 முதல் 1911 வரை வந்த 120 அட்டைகள் கொண்ட வரிசை. சேகரிப்பாளர் வழக்கில் அது இ90-1. பின்னணியில் அடர்ந்த ஒற்றை நிறமும் முன்னால் வீரருமாக, சுவரொட்டியைப் போலப் பளிச்சென்று இருக்கும். நிறம் நிறமாக அடுக்கடுக்காக அச்சிட்ட கல்லச்சு வேலை அது. சில அட்டைகளில் ஒரு நிறம் இம்மியளவு விலகி விழுந்து உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்பதையும் காணலாம்.

இந்த வரிசையின் புகழுக்கு முதல் காரணம் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன். 1908, 1909 ஆகிய ஆண்டுகளில் அவர் ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்காக விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆடியிருந்தார். 1910-இல் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டார். உள்ளூர் அணியில் இருந்தார் என்பதாலேயே பெயர் தெரியாத அந்த இளைஞருக்கும் உள்ளூர் மிட்டாய் நிறுவனம் ஓர் அட்டை ஒதுக்கியது. பின்னர் அவர் ஆட்டத்தின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவரானதும், 1919 உலகத் தொடர் சூதாட்ட விவகாரத்தில் வாழ்நாள் தடை பெற்றதும் தெரிந்த கதை. மிக நல்ல நிலையில் இருந்த ஜாக்சன் அட்டை ஒன்று 2016-இல் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆயினும் இந்த வரிசையை முழுமையாக்க முயல்பவர்களைத் தவிக்கவைக்கும் அட்டை ஜாக்சனுடையது மட்டுமன்று. சின்சினாட்டி அணியின் மைக் மிட்செல் என்ற நடுத்தர வீரரின் அட்டை அதனினும் அரிதாகக் கிடைக்கிறது. அரிய அட்டை என்பதற்கும் பெரிய வீரர் என்பதற்கும் தொடர்பில்லை என்பதைப் புதியவர்கள் இங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரே முகத்துக்கு வெவ்வேறு பெயர்கள் போட்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்கன் கேரமலின் இ91 வரிசை மூன்று தொகுப்புகளாக வந்தது. ஒவ்வொன்றிலும் 33 அட்டைகள். முதல் இரண்டில் அத்லெடிக்ஸ், சிகாகோ கப்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய அணிகள். மூன்றாவதில் பிட்ஸ்பர்க், வாஷிங்டன், பாஸ்டன். ஆனால் படங்கள் மொத்தமே 33தான். பந்தெறிபவர் ஒருவர், குனிந்து பந்தைப் பிடிப்பவர் ஒருவர், மட்டையை ஓங்கியவர் ஒருவர் என்று பொதுவாக வரைந்துவைத்துக்கொண்டு, தொகுப்புக்குத் தொகுப்பு கீழேயுள்ள பெயரை மட்டும் மாற்றினார்கள். யாருடைய சாயலும் யாருக்கும் இல்லை.

இதைக் கேட்டதும் ஏமாற்று வேலை என்று தோன்றும். அந்தக் காலத்துச் சிறுவர்களில் மிகப் பலர் தாங்கள் கொண்டாடிய வீரரை நேரில் பார்த்ததே இல்லை என்பதையும், தொலைக்காட்சி இல்லாத நாளில் செய்தித்தாளின் மங்கலான படமே அவர்களுக்குத் தெரிந்த முகம் என்பதையும் நினைத்துப் பார்த்தால், நிறுவனம் இதை எப்படித் துணிந்து செய்தது என்பது விளங்கும். இன்றைய சந்தை அதற்குத் தண்டனை வழங்கியிருக்கிறது: அதே நிறுவனத்தின் உண்மையான முகங்கள் கொண்ட அட்டைகளோடு ஒப்பிட்டால் இ91-இன் விலை மிகக் குறைவு.

ஒரே படம் வெவ்வேறு நிறுவனங்களின் அட்டைகளில் வருவது எப்படி?

மிட்டாய் நிறுவனங்கள் படங்களைத் தாங்களே வரையவில்லை, அச்சகங்களிடம் வாங்கின. ஒரு அச்சகம் தயாரித்த முன்பக்கப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்க விளம்பரத்தை மட்டும் மாற்றினால் இன்னொரு வாடிக்கையாளருக்குப் புதிய வரிசை தயார். இப்படித்தான் டாக்மன் அட்டையில் உள்ள அதே படம் க்ராஃப்ட்ஸ் கேண்டி, க்ராஃப்ட்ஸ் கோக்கோ, நாட்ஜா கேரமல் ஆகியவற்றின் பின்பக்கங்களோடும் கிடைக்கிறது. அந்தப் படங்களின் பயணம் அங்கேயும் நிற்கவில்லை: சில ஆண்டுகளுக்குப் பின் அவை ரொட்டி நிறுவனம் ஒன்றின் அட்டைகளிலும், லூசியானாவின் சிகரெட் அட்டைகளிலும் தோன்றின. இடையில் வீரர் அணி மாறியிருந்தால் அடியிலுள்ள அணியின் பெயர் மட்டும் திருத்தப்பட்டது. சட்டை பழைய அணியுடையதாகவே இருந்துவிடும்.

சேகரிப்பாளர்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். ஒரே வீரர், ஒரே படம். பின்பக்கத்தில் எந்த மிட்டாயின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு ஏறும் அல்லது இறங்கும்.

பின்பக்கத்தில் வீரர் பட்டியல் அச்சிட்டது எதற்காக?

ஒரு சிறுவனிடம் எட்டு அட்டைகள் இருக்கின்றன. அதோடு அவன் திருப்தி அடைந்துவிட்டால் ஒன்பதாவது மிட்டாய் விற்காது. இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டும். ஃபிலடெல்ஃபியா கேரமல் 1909-இல் வெளியிட்ட 25 அட்டைகளின் பின்பக்கத்திலும் அந்த இருபத்தைந்து பெயர்களும் வரிசையாக அச்சிடப்பட்டன. அடுத்த ஆண்டு 30 புதிய வீரர்களை வெளியிட்டபோது, முந்தைய 25-ஐயும் கூட்டி மொத்தம் 55 என்று பின்பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். பழைய வரிசையை முடித்துவிட்டோம் என்று இளைப்பாறியவனை மறுபடியும் கடைக்கு வரவழைக்கும் வரி அது. இன்றைய சேகரிப்பாளருக்கு இந்தப் பட்டியல்கள் வேறு விதத்தில் உதவுகின்றன: மற்ற வரிசைகளில் ஓர் அட்டை உண்மையிலேயே அச்சிடப்பட்டதா என்று பல்லாண்டு தேடவேண்டியிருக்க, இங்கே நிறுவனமே கணக்குக் கொடுத்துவிட்டது.

அட்டை மிட்டாயைத் தொட்டுக்கொண்டா இருந்தது? கறை படியாதா?

படியும், படிந்தது. இதற்கு மிகத் தெளிவான சான்று சிகாகோவின் ருக்ஹைம் சகோதரர்களும் எக்ஸ்டைனும் நடத்திய நிறுவனத்தின் ‘க்ராக்கர் ஜாக்’. அது சோளப்பொரியையும் வேர்க்கடலையையும் வெல்லப்பாகில் புரட்டிய தின்பண்டம். 1914-இல் 144 அட்டைகள் கொண்ட வரிசை பெட்டிக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் உள்ளேயே போடப்பட்டது. அமெரிக்கன், நேஷனல் ஆகிய இரு பெரும் பேஸ்பால் லீகுகளோடு, அப்போது புதிதாகப் போட்டிக்கு வந்து 1915-உடன் முடிந்துபோன ஃபெடரல் லீகின் வீரர்களும் அதில் இடம்பெற்றார்கள்.

இந்த அட்டைகளின் பின்னணி நல்ல சிவப்பு, ஓரம் வெள்ளை. அந்த வெள்ளை ஓரத்தில் பழுப்பாக, விளிம்பு கரைந்த ஒரு திட்டு இருந்தால் அது பாகின் கறை. சிவப்புப் பகுதியில் அதே கறை சற்றே கறுத்த எண்ணெய்ப் புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த இடத்தில் காகிதம் ஊடுருவித் தெரிவதும் உண்டு. 1914 வரிசையில் கறையில்லாத அட்டையைத் தேடுவது பெரும்பாடு.

1915-இல் வரிசை 176 ஆக வளர்ந்தது. அந்த ஆண்டு பெட்டிக்குள் வந்தவை போக, ஒரு கூப்பனோடு 25 சென்ட் அனுப்பியவர்களுக்கும், காசில்லாமல் 100 கூப்பன்கள் சேர்த்தவர்களுக்கும் முழு வரிசையையும் தபாலில் அனுப்பினார்கள். பாகைத் தொடாமல் வந்ததால் அவற்றில் பல இன்றும் மாசுமறுவற்று இருக்கின்றன. இரு ஆண்டுகளுக்கும் இடையே விலையில் இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குத் தபால்காரரே காரணம் என்றும் சொல்லலாம். ஒட்டிவைக்க ஓர் ஆல்பமும் தனியாகக் கிடைத்தது. இரு ஆண்டு அட்டைகளையும் பிரித்தறிய எளிய வழி, அட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பது: 1915 அட்டையின் பின்பக்க எழுத்து முன்பக்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். மேல் விளிம்பை மட்டும் ஆல்பத்தில் ஒட்டி அட்டையைத் தூக்கிப் பார்த்தால் எழுத்து நேராக வரும். மேத்யூசனின் படமே மாறிவிட்டது. 1914-இல் அவர் கிடைமட்ட அட்டையில் பந்தெறிகிறார், 1915-இல் நிமிர்ந்த அட்டையில் முகம் காட்டுகிறார்.

வீரர்களிடம் அனுமதி கேட்டார்களா? பணம் கொடுத்தார்களா?

ஒருவரின் முகத்துக்கு வணிக மதிப்பு உண்டு என்ற சட்டக் கருத்தே அப்போது அரும்பு நிலையில்தான் இருந்தது. தன் படத்தை மாவு விளம்பரத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஒரு பெண் தொடுத்த வழக்கை நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் 1902-இல் தள்ளுபடி செய்தது. அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக, எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டம் அந்த மாநிலத்தில் 1903-இல் வந்தது. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று வீரர்களின் படத்துக்கான விளம்பர உரிமையைப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது 1953-இல். அந்த வழக்கில் மோதியவையும் அட்டை வெளியிட்ட இரு சூயிங்கம் நிறுவனங்களே.

வாக்னரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சிகரெட் நிறுவனம் தம் படத்தைப் பயன்படுத்துவதற்கு அவர் மறுத்ததால் டி206 வரிசையில் அவருடைய அட்டை தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. அதனாலேயே அரிதாகி, 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று சிலரும், தமக்குப் பணம் தராததே காரணம் என்று சிலரும் சொல்வார்கள். எப்படியிருந்தாலும், அதே ஆண்டுகளில் மிட்டாய் அட்டைகளில் வாக்னர் தாராளமாகவே காணப்படுகிறார்: அமெரிக்கன் கேரமல், ஸ்டாண்டர்டு கேரமல், ஃபிலடெல்ஃபியா கேரமல், டாக்மன் என எல்லாவற்றிலும் அவர் உண்டு. அவர் காலத்திலேயே வந்த வாக்னர் அட்டை ஒன்று வேண்டும், ஆனால் அரண்மனை விலை கொடுக்க முடியாது என்பவர்கள் கேரமல் அட்டைகளின் பக்கம் வருவது இயல்பே.

புகையிலை அட்டைகளைவிட இவை ஏன் குறைவாக எஞ்சியுள்ளன?

முதலில், அச்சிட்டதே குறைவு. அமெரிக்கன் டொபாக்கோ நாடு முழுவதும் பதினாறு சிகரெட், புகையிலைப் பெயர்களில் விநியோகித்தது. கேரமல் நிறுவனங்களில் பலவற்றின் எல்லை ஒரு வட்டாரத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது, காகிதம். கேரமல் அட்டைகள் பொதுவாக மெல்லியவை. மடக்கினால் உடனே கோடு விழும், மூலைகள் எளிதில் மழுங்கும். மூன்றாவது, அவை நேராகப் போய்ச் சேர்ந்தது சிறுவர்களின் கால்சட்டைப் பைக்கு. சுவரை நோக்கி எறிந்து யாருடையது அருகில் விழுகிறது என்று ஆடுவதும், பண்டமாற்றுச் செய்வதும், மாவுப் பசையால் நோட்டில் ஒட்டுவதும் அன்றாட வழக்கம். பின்னாளில் நோட்டிலிருந்து பிய்த்தபோது பின்பக்கத் தாள் பாதி அங்கேயே தங்கிவிட்டது.

மொத்தமாகக் கண்டெடுக்கப்பட்ட அட்டைகள் உண்டா?

உண்டு. 2012-இல் ஒஹையோ மாநிலத்தின் டிஃபையன்ஸ் ஊரில் ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தாவின் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, ஓர் அட்டைப்பெட்டியில் நூலால் கட்டிய சுமார் 700 அட்டைகள் கிடைத்தன. தாத்தா இறைச்சிக் கடை வைத்திருந்தவர். கடைக்கு விளம்பரப் பொருளாக வந்து கொடுபடாமல் மிஞ்சியவை என்று கருதப்படுகிறது. அவை 1910-ஐச் சேர்ந்த இ98 வரிசை. பின்பக்கத்தில் 30 வீரர்களின் பட்டியல் உண்டு, நிறுவனத்தின் பெயர் கிடையாது. எந்தச் சிறுவனின் கையும் படாததால் காப், வாக்னர், சை யங் எல்லோரும் நேற்று அச்சிட்டதுபோல் இருந்தார்கள். அவற்றில் 37 அட்டைகள் மட்டும் அந்த ஆண்டு ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. கேரமல் அட்டைகள் இயல்பிலேயே மட்டமானவை என்று நினைத்திருந்தவர்களுக்கு, அவை கடையிலிருந்து வெளியேறும்போது எப்படி இருந்தன என்பதை அந்தப் பெட்டி காட்டிக்கொடுத்தது.

கூப்பனும் பரிசும் எப்போது சேர்ந்துகொண்டன?

சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின்ஸ்-மெக்கார்த்தி நிறுவனம் ‘ஸீ-நட்’ என்ற தின்பண்டத்தோடு 1911 முதல் 1938 வரை, மேற்குக் கரை அணிகள் ஆடிய பசிஃபிக் கோஸ்ட் லீக் வீரர்களின் அட்டைகளைக் கொடுத்துவந்தது. சில ஆண்டுகளிலேயே அட்டையின் அடியில் ஒரு கூப்பனைச் சேர்த்தது. அதைக் கிழித்துக் கொடுத்தால் பரிசு. ஆகவே இன்று கிடைக்கும் பெரும்பாலான ஸீ-நட் அட்டைகளுக்கு அடிப்பகுதி இல்லை. கூப்பனோடு முழுமையாக இருக்கும் அட்டை, பரிசுக்கு ஆசைப்படாத ஒரு சிறுவனிடம் இருந்தது என்று பொருள். ஜோ டிமாஜியோவின் முதல் அட்டை 1933-இல் இந்த வரிசையில்தான் வந்தது, பெயரில் எழுத்துப்பிழையோடு.

பரிசுத் திட்டத்தின் தந்திரமான பக்கத்தை 1932-இல் பாஸ்டனின் யு.எஸ். கேரமல் காட்டியது. 32 விளையாட்டு வீரர்கள் கொண்ட வரிசை அது. பேஸ்பால் வீரர்களோடு குத்துச்சண்டை வீரர்களும் கோல்ஃப் ஆட்டக்காரர்களும் உண்டு. முழு வரிசையையும் சேர்த்தவருக்குப் பரிசு என்றார்கள். ஆனால் 16-ஆம் எண்ணான ஜயன்ட்ஸ் வீரர் லிண்ட்ஸ்ட்ரோமின் அட்டையை அநேகமாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே ஓர் அட்டை வெளிப்பட்டது. பரிசுச் செலவைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றே ஓர் அட்டையை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அச்சிடுவது அந்தக் காலத்து வழக்கம். 1933-இல் கௌடி சூயிங்கம் நிறுவனம் 106-ஆம் எண்ணை வெளியிடாமலே வைத்திருந்தது. பொறுக்காமல் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மறு ஆண்டில் அந்த எண்ணில் நாப் லாஜாய் என்ற வீரரின் அட்டையை அனுப்பிவைத்தது.

‘இ’ என்ற எழுத்தும் எண்ணும் எங்கிருந்து வந்தன?

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் 1939-இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய அட்டைப் பட்டியலிலிருந்து வந்தவை. தொடக்ககால மிட்டாய், சூயிங்கம் அட்டைகளுக்கு ‘இ’, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’ என்று அவர் பிரித்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தம் அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார்.

கேரமல் அட்டைகள் எப்போது நின்றன?

முதல் உலகப் போரை ஒட்டி ஓர் இடைவெளி ஏற்பட்டது. 1920-களின் தொடக்கத்தில் மறுபடியும் ஓர் அலை எழுந்தது. அமெரிக்கன் கேரமல் 1922-இல் வெளியிட்ட 240 அட்டைகளில் அமெரிக்கன் லீகுக்குப் பழுப்பு மை, நேஷனல் லீகுக்குப் பச்சை மை. 1927-இல் யார்க் கேரமல் 60 அட்டைகளை வெளியிட்டது. பளிச்சென்ற வண்ணங்கள் போய்ப் புகைப்படங்கள் வந்துவிட்டன. பழைய அழகு இவற்றில் இல்லை என்பது என் கருத்து. 1928-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃப்ளீர் நிறுவனத்தில் வால்டர் டீமர் பபிள்கம்மை உருவாக்கிய பிறகு அட்டை வியாபாரம் சூயிங்கம் பக்கம் சாய்ந்தது. சூயிங்கம் தகடு உலர்ந்தது, தட்டையானது. அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் மடிக்கலாம்.

கேரமலுக்கு ஒரு கடைசி முறையும் வாய்த்தது. 1951-இல் டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் அட்டைகளில் இறங்கியபோது, சூயிங்கம்மோடு வீரர் படங்களை விற்கும் உரிமை போட்டியாளரான போமன் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதனால் டாப்ஸ் தன் முதல் அட்டைகளைக் கேரமலோடு விற்றது. அட்டையின் வார்னிஷ் மிட்டாயில் ஏறிச் சுவையைக் கெடுத்துவிட்டது, திட்டம் தோற்றது. 1956-இல் டாப்ஸ் போமனையே வாங்கிக்கொண்டது.

அசலையும் மறுபதிப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

உருப்பெருக்கிக் கண்ணாடியில் வீரரின் பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்துகள் ஒரே மையால் முழுமையாக அச்சாகியிருக்கும். நவீன மறுபதிப்பில் எழுத்தும் சிறு வண்ணப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தால் நீலமாக ஒளிரும் காகிதம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. பிறகு அளவு: மழுங்கிய மூலைகளை நேராக்க ஓரத்தை வெட்டிய அட்டைகள் ஏராளம், மூலைகள் சந்தேகத்துக்கு இடமாகக் கூர்மையாக இருந்தால் முதலில் அளந்து பாருங்கள்.

பழைய கேரமல் கறையைச் சுத்தம் செய்யலாமா?

ரசாயனங்களால் செய்யாதீர்கள். கறையை நீக்கும் திரவங்கள் மையையும் காகிதத்தின் மேற்பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். அட்டைகளின் நிலையை ஆராய்ந்து தரம் குறிக்கும் நிறுவனங்கள், அத்தகைய அட்டையை ‘மாற்றப்பட்டது’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அட்டையை வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பதைச் சேகரிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மெல்லிய கேரமல் அட்டைக்கு அதுவும் ஆபத்தே, பழகிய கையால் செய்யவேண்டியது. 1914 க்ராக்கர் ஜாக் அட்டையில் கறை இருப்பதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பவரிடம், அது பெட்டியிலிருந்து வந்ததற்கு அடையாளம் என்று விற்பவர் பதில் சொல்வார். இருவர் சொல்வதும் சரிதான். விலை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ படியும்.